திரைக்கு அந்தப் பக்கம் குளிர்

கமருன்னிஸா இத்தாவில் உட்கார்ந்து அறுபது நாள் ஆனபோது அவளுடைய அறையின் ஏ.சி. கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றும் சொல்ல முடியாது. போட்டால் ஓடும். ஐந்து நிமிஷம் ஓடியபின் உள்ளே எதுவோ விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். கம்ப்ரஸர் நின்றுவிடும். பிறகு வெறும் விசிறிச் சத்தம்தான். அறை வெந்துகொண்டிருக்க, ஏ.சி.யின் முகத்தில் மட்டும் இருபத்துநாலு என்ற பச்சை எழுத்து ஒன்றும் நடக்காதது போல் நின்றுகொண்டிருக்கும்.

கணவனைப் பறிகொடுத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும்; அதுதான் இத்தா. அந்நிய ஆண் யார் கண்ணிலும் படக் கூடாது. கமருன்னிஸா இருந்த அறை வீட்டின் பின்பக்கம், முற்றத்தைப் பார்த்துக் கட்டியது. கதவும் ஜன்னலும் ஒரே சுவரில், இரண்டும் முற்றத்தை நோக்கியே இருந்தன. ஜன்னலில் ஏ.சி. உட்கார்ந்திருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் சமையலறை. பக்கத்து மனையில் மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் மேல் நின்ற பீகார் பையன்களுக்கு முற்றம் முழுவதும் தெரியும். ஆகவே அறையின் கதவு பகலெல்லாம் மூடியே இருந்தது. அந்த வருஷம் திருத்துறைப்பூண்டியில் ஆறு வறண்டு, வயல்கள் பாளம் பாளமாக வெடித்து, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அடுப்பைத் திறந்த மாதிரிதான் வந்தது. மூடிய அறைக்குள் ஏ.சி.யும் இல்லையென்றால் ஆள் தாங்க முடியாது.

அவள் தாங்கவில்லை. ஏற்கெனவே பிரஷர் உள்ளவள். ஏ.சி. நிற்க ஆரம்பித்த இரண்டாம் நாள், தொழுகைக்கு ஒளுச் செய்ய எழுந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நாத்தனார் ஜன்னத் பீவி முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். வந்து பார்த்த டாக்டரம்மா, "மாத்திரை மட்டும் போதாது, இவங்க குளிர்ச்சியான இடத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் நீடாமங்கலத்தில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் கொழுந்தன் லியாகத் அலிக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே அவன் காரில் வந்து இறங்கினான். முற்றத்தில் நாற்காலி போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணன் மனைவியிடம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"மச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம வீட்டுல மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. ரெண்டு ஏ.சி. இருக்கு. பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டயும் கேட்டுட்டேன். உடம்புக்கு முடியலைன்னா இடம் மாறி இத்தா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"இங்கேயே இருந்துக்கிறேன் தம்பி."

"இங்க இருந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, உங்க மவன் ஜாபிருக்கு நான் என்ன பதில் சொல்றது? அவன் சார்ஜாவுல உக்காந்துக்கிட்டு மணிக்கொரு தடவ போன் பண்றான்."

லியாகத் அலி கெட்டவன் இல்லை. அண்ணன் அனுப்பிய பணத்தில் படித்துக் கடை வைத்தவன், அதை மறக்காதவன். எழுந்து நின்று, "வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வண்டி எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள மிஷின் சரியாச்சுன்னா இருங்க. இல்லைன்னா கெளம்பிடுவோம்" என்றான்.

அவள் ஏன் அசைய மறுத்தாள் என்பது அவனுக்குப் புரிந்திருக்காது. இத்தா முடிந்த மறுவாரம் ஜாபிர் வந்து அவளைச் சென்னைக்கு அழைத்துப் போவதாக முடிவாகியிருந்தது. அங்கே அவன் மனைவி அனீஸா பிள்ளைகளோடு ஃபிளாட்டில் இருந்தாள். வீட்டை வாடகைக்குக் கேட்டு ஆளும் வந்தாயிற்று. அதனால் இந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது இத்தா நாட்கள் மட்டும்தான்.

அவள் கணவர் அஹமது கபீர் ரியாத்தில் ஒரு பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், முப்பது வருஷம் நின்றார். கல்யாணமான மூன்றாம் மாதமே வெளிநாட்டுச் சபர் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். முதல் பத்து நாள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் பெட்டி பிரித்துக் கொடுப்பதில் போகும். கடைசிப் பத்து நாள் டிக்கெட், மெடிக்கல், ஊறுகாய், கருவாடு என்று கட்டுவதில் போகும். நடுவில் உள்ளதுதான் அவளுக்கு. முதலில் கடிதம் வந்தது. பிறகு ஒலிநாடா, பிறகு எஸ்.டி.டி. பூத், கடைசியில் கையிலேயே முகம் தெரிகிற போன். அவள் அவரோடு குடும்பம் நடத்தியது பெரும்பாலும் இவற்றில்தான். ஒருமுறை நேரில் வந்தவரிடம் பேச்சு வராமல் திணறி, "நீங்க போய்ட்டு போன் பண்ணுங்க, நெறைய சொல்லணும்" என்றாள். அவர் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும் இருவருக்கும் என்னவோ போலாகிவிட்டது.

டிசம்பரில் ஒரேயடியாக வந்துவிட்டார். உடம்பில் பாதி இல்லை. சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், தஞ்சாவூருக்கு ஆளனுப்பி ஜன்னல் ஏ.சி. ஒன்று வாங்கியது. சுவரில் மாட்டுகிற, சத்தம் போடாத வகையைக் கடைக்காரர் எவ்வளவோ சொல்லியும் வேண்டாமென்றுவிட்டார். ரியாத்தில் எட்டுப் பேர் படுத்திருந்த அறையில் இப்படி ஒன்றுதான் இரவெல்லாம் உறுமிக்கொண்டிருக்குமாம். அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றார். கட்டிலைத் தானே மூச்சு வாங்க இழுத்து, ஏ.சி.க்கும் கதவுக்கும் நேர் எதிரே போட்டுக்கொண்டார். குளிர் முகத்தில் அடிக்கும். கதவு திறந்திருந்தால் முற்றத்து முருங்கை மரமும் கொடியில் காயும் துணியும் சமையலறையில் நடமாடும் அவளும் தெரியும். அதைப் பார்த்தபடியே மூன்று மாதம் கிடந்து, மார்ச் மாதம் ஒரு காலையில், அவள் கஞ்சி எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடப்பதற்குள் போய்விட்டார்.

முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள் என்றுதான் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்னார்கள். அவளுக்குத் தெரியும், அவர் ஒரு தடவைகூட நாலு மாதம் பத்து நாள் சேர்ந்தாற்போல் அவளோடு இருந்ததில்லை. இந்த இத்தாதான் அவரோடு அவள் இருக்கப்போகிற நீளமான லீவு. அதை நீடாமங்கலத்து மாடி அறையில் கழிக்க அவளுக்கு மனமில்லை.

ஏ.சி. பார்க்க வந்தவர் சகாயராஜ். குவைத்தில் பதினோரு வருஷம் அரபி வீடுகளில் இதே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, மாதா கோயில் தெருவில் சின்னக் கடை போட்டிருந்தார். வாசலில் நின்று இருமி, "வரலாங்களாக்கா?" என்று கேட்டு, பெண்கள் ஒதுங்கிய பிறகே உள்ளே கால் வைக்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது. கமருன்னிஸா சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஜன்னத் பீவி அறையை ஒழுங்குபடுத்தி அவரை உள்ளே விடுவாள். கேள்வியும் பதிலும் அவள் வழியாகத்தான் போக வேண்டும்.

"எத்தனை நிமிஷத்துல நிக்குதுன்னு கேளுங்கக்கா."

ஜன்னத் பீவி முற்றத்தைக் கடந்து வந்து, "எத்தனை நிமிஷத்துல நிக்குதுன்னு கேக்குறாரு" என்றாள்.

"எனக்கே கேட்டுச்சுக்கா. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷமாம்!"

"அவங்க சொன்னது எனக்கும் கேட்டுச்சுக்கா" என்றார் சகாயராஜ்.

"கேட்டா என்ன? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முதல் நாள் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் போட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஏ.சி. ஒழுங்காக ஓடியது. அறை குளிர்ந்தது. அவர் போய் அரை மணியில் மறுபடி நின்றது.

புதன்கிழமை இரண்டாம் தடவை வந்தபோது மீட்டரும் ஒரு டம்ளர் ஐஸும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னத் பீவிக்கு எதையும் விளக்காமல் அவருக்கு வேலை ஓடாது.

"இந்தா பாருங்கக்கா, மிளகு சைஸ்ல. இதுதான் சென்சாரு. இதுக்கு ரூமெல்லாம் தெரியாது. தன்மேல படுற காத்து மட்டுந்தான் தெரியும். அந்தக் காத்து குளிர்ந்துட்டா, ரூமே குளிர்ந்துட்டுன்னு மிஷினை நிறுத்தச் சொல்லிடும். இது கெட்டுப்போனா பொய் சொல்லும்."

"இத்துனூண்டுக்கு இம்புட்டு அதிகாரமா? எங்க மாமியா மாதிரில்ல இருக்கு."

ஐஸில் முக்கினார். உள்ளங்கையில் வைத்து மூடினார். இரண்டுக்கும் மீட்டர் சரியாகவே காட்டியது. இருந்தும் சந்தேகத்துக்குப் புதிது ஒன்றை மாற்றிப் போட்டார். அவர் இருந்த ஒன்றரை மணி நேரமும் ஏ.சி. நிற்காமல் உறுமியது. கிளம்பிப் போனார். சாயங்காலம் அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் நின்றுவிட்டது.

அன்று மாலை கமருன்னிஸா கட்டிலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு என்று காட்டுகிற எழுத்தை எட்டிப் பார்க்கத் திரையை ஒதுக்கினாள். கை சில்லிட்டது. கையை வெளியே இழுத்தாள். வெக்கை. மறுபடி உள்ளே விட்டாள். மார்கழி மாதம் மாதிரி இருந்தது.

"அக்கா, திரைக்கு அந்தப் பக்கம் சில்லுன்னு இருக்கு."

"ஏ.சி. அந்தப் பக்கந்தானே இருக்கு. சில்லுன்னுதான் இருக்கும்."

"இதை அவர்ட்ட சொல்லலாமாக்கா?"

"ஐஸு சில்லுன்னு இருக்குன்னு ஐஸ்காரன்ட்ட போய்ச் சொல்வியா? படு புள்ள, பேசாம."

அந்தத் திரை ஜன்னத் பீவி போட்டது. இத்தாவின் முதல் நாளே அவள், "கட்டில் கதவுக்கு நேரா கெடக்கு, தொறந்தா ஊரே பாக்கும். கதவு பக்கத்து மூலைக்குத் தள்ளிடுவோம்" என்றாள். கமருன்னிஸா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் போட்ட இடத்தைவிட்டு அது நகரக் கூடாது என்றாள். வேறு வழியில்லாமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் இரண்டடி உள்ளே தள்ளி, சுவருக்குச் சுவர் கயிறு கட்டி ஒரு வெள்ளைச் சேலையைப் போட்டார்கள். சில நாளைக்கு முன்பு பக்கத்தில் மாடி கட்ட ஆள்கள் வந்ததும் சேலை போதாது என்று, அஹமது கபீர் ஒரு லீவில் கொண்டுவந்த பூப்போட்ட சவுதி கம்பளியைப் பரணிலிருந்து இறக்கி, இன்னொன்றோடு தைத்துத் தொங்கவிட்டாள். இந்த ஊர் வெயிலில் ஒருநாளும் யாரும் போர்த்தாத கம்பளி அது. மெக்கானிக் வரும்போதெல்லாம் அதைச் சுருட்டி ஓரமாகக் கயிற்றால் கட்டிவிடுவாள். அவர் போனதும் அவிழ்த்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு சகாயராஜ் மூன்றாம் தடவை வந்தார். அவர் குரலே சோர்ந்திருந்தது.

"அக்கா, எனக்கும் இந்த மிஷினுக்கும் என்ன பகைன்னு தெரியல. நான் நின்னா ஓடுது, நான் போனா நிக்குது. குவைத்துலகூட இப்படி ஒண்ணு பாத்ததில்ல. பேசாம என்னையும் இங்கேயே மாட்டி வச்சிடுங்க."

"தமாசுக்கு நேரமில்ல தம்பி. ஜும்மா முடிஞ்சா வண்டி வந்துடும்."

"போர்டு போயிருக்கலாம். திங்கக்கெழமைதான் தஞ்சாவூர்லேருந்து வரும்."

சமையலறைக் கதவுக்குப் பின்னால் கமருன்னிஸா நின்றிருந்தாள். அவளுடைய துணிகளை ஜன்னத் பீவி காலையிலேயே பையில் எடுத்து வைத்துவிட்டாள். பை அவள் காலடியில்தான் இருந்தது.

முற்றத்தில் சகாயராஜ் தனக்குத்தானே பேசுவது போலக் கேட்டார். "நான் போனதுக்கப்புறம் இங்க என்னதான் நடக்குது?"

"என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது" என்றாள் ஜன்னத் பீவி.

"திரையை எறக்குவோம்."

முற்றத்தில் இருவரும் திரும்பினார்கள். அறுபத்தைந்து நாளில் கமருன்னிஸா அந்நிய ஆணிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"புள்ள!" என்றாள் ஜன்னத் பீவி.

"எந்தத் திரைங்கம்மா?" என்றார் சகாயராஜ், கதவைப் பார்க்காமல்.

"நீங்க வரும்போது சுருட்டிக் கட்டியிருப்பாங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஜில்லுன்னு இருக்கு. என் பக்கம் வேகுது."

சகாயராஜ், "ஓரத்துல கெடந்த அந்த மூட்டையா? நான் ஏதோ படுக்கைன்னுல்ல நெனச்சேன். அக்கா, அதை அவுத்து விடுங்க. நான் உள்ள நிக்கிறேன்" என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிக்கும் ஏ.சி.க்கும் நடுவில் அவர் நின்றார். சமையலறையில் கமருன்னிஸா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை நிமிஷத்தில் கம்ப்ரஸர் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவருக்கு மூக்கு நுனி சிவந்திருந்தது.

"சென்சாரு பொய் சொல்லலைங்கம்மா" என்றார். இப்போது அவர் ஜன்னத் பீவியை நடுவில் வைத்துக்கொள்ளவில்லை. "குளிர் காத்து கம்பளியில மோதி அப்படியே திரும்பி மிஷினுக்குள்ள போயிடுது. அந்த மிளகுக்குத் தெரிஞ்ச ரூமு இந்த ரெண்டடி சந்துதான். அது குளிர்ந்துட்டு, அதனால நிறுத்துது. நீங்க அந்தப் பக்கம் வேகுறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப திரையை எடுத்துட்டா?"

"ஓடும். நிக்கவே நிக்காது."

"மிஷினுக்கு நேரா மட்டும் கொஞ்சம் வெட்டி விடலாமா தம்பி?" என்றாள் ஜன்னத் பீவி.

அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "மிஷினுக்கு நேரா இருக்குறது கட்டில்தாங்க்கா. அங்க வெட்டினா கதவுல நிக்கிற ஆளுக்குக் கட்டில் தெரியும். திரையே இல்லாம இருக்கணும்னா கட்டிலை இந்தக் கதவுச் சுவரு மூலைக்குத் தள்ளணும். யாரு கதவைத் தொறந்தாலும் அது கண்ணுல படாது."

ஜன்னத் பீவி அன்று சொன்னதேதான். ஆனால் அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி மனைவியை ஏசுகிற வாய்தான் அவளுக்கு. ஆனால் செத்தவன் அவளுக்கும் தம்பி.

கமருன்னிஸா கதவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தாள். கட்டில் அங்கேயே இருந்தால் ஜும்மாவுக்குப் பிறகு அவள் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். அவள் இங்கே இருக்க வேண்டுமென்றால் கட்டில் அவர் போட்ட இடத்தைவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் கேட்க வழியில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர் எப்போதும் அவளிடம் போனில்தான் கேட்பார். அவள் சொன்னதற்கெல்லாம் சரி என்பார். இந்தக் கட்டில் ஒன்றுதான் அவராகப் போட்டது.

பெரிய பள்ளிவாசலில் முதல் பாங்கு சொன்னார்கள். ஜும்மா முடிந்து ஒன்றரை மணிக்கு கார் வந்து நின்றது. லியாகத் அலி தொப்பியைக் கழற்றாமலே முற்றத்துக்கு வந்தான். சகாயராஜ் அதுவரை போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"மெக்கானிக்கு என்ன சொல்றாரு? சரியாச்சா?" என்று அவன் அக்காவைக் கேட்டான்.

ஜன்னத் பீவி சமையலறைக் கதவைப் பார்த்தாள்.

"தம்பி" என்றாள் கமருன்னிஸா உள்ளேயிருந்து. "அந்தக் கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுடுங்க."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சகாயராஜ் எழுந்து இரண்டு வார்த்தையில் சொன்னார். லியாகத் அலி அறைக்குள் போய் அந்தக் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணனைக் குளிப்பாட்டத் தூக்கியதும் அதிலிருந்துதான். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தலைப்பக்கம் பிடித்தான். சகாயராஜ் கால்பக்கம் பிடித்தார். தேக்கு மரம். தூக்க முடியவில்லை, இழுத்தார்கள். சிமெண்டுத் தரையில் நாலு காலும் கிறீச்சிட்டுக்கொண்டு போகும் சத்தம் சமையலறை வரை கேட்டது. கமருன்னிஸா இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு முழுச் சத்தத்தையும் கேட்டாள்.

ஆண்கள் போனபின் அவள் முற்றத்தைக் கடந்து அறைக்குள் வந்தாள். திரை இல்லை. கயிறும் இல்லை. அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. குளிர் சுவருக்குச் சுவர் நிறைந்திருந்தது. ஏ.சி. நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. ஜன்னத் பீவி அதைத் துடைக்கத் துணி எடுத்துவந்தாள். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

"நீங்க தெம்பா இருங்க மச்சி, இனிமே கவலையில்ல" என்று லியாகத் அலி வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போவது கேட்டது. கார் கிளம்பியது.

லுஹர் தொழுதுவிட்டு அவள் மூலைக்குப் போய்க் கட்டிலில் படுத்தாள். இன்னும் அறுபத்துச் சொச்ச நாள் அவள் இங்கேயே இருக்கலாம். யாரும் அசைக்கப்போவதில்லை. வியர்வை அடங்கி உடம்பு லேசாக நடுங்கியது. அவர் செய்தது போல முற்றத்தின் பக்கம் தலையைத் திருப்பினாள். கண்ணுக்கு எதிரே பீரோவின் பக்கவாட்டுத் தகடும் அதன் பின்னால் வெள்ளையடித்த சுவரும்தான் இருந்தன. கதவைத் திறந்து வைத்தாலும் முருங்கை மரம் தெரியாது. கொடியும் தெரியாது. அவர் மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்த எதுவும் இந்த இடத்திலிருந்து தெரியாது.